வேலிக் கிழங்கு

செவ்வரையில் நாற்பத்தொரு வீடு இருக்கிறது, ஆள் ஒருத்தர்கூட இல்லை என்று பஸ்ஸிலேயே சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். ஆனாலும் முதல் தெருவில் கால் வைத்ததுமே, உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது வடிவுக்கு. தென்காசி ஓய்வூதியர் சங்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை இப்படி எங்காவது கூட்டிப்போவார்கள். போன தடவை ஒரு அணைக்கட்டு. இந்தத் தடவை மலையடிவாரத்தில் முந்நூறு வருஷத்துக் கல்வீட்டு ஊர். எந்தக் காலத்திலோ கொள்ளை நோய் வந்து, மிஞ்சினவர்கள் ஒரே நாளில் கிளம்பிப் போய்விட்டார்களாம். இப்போது ஒரு அறக்கட்டளை எடுத்து, கூரை வேய்ந்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, தெருவைப் பெருக்கி வைத்திருக்கிறது. அந்தப் பெருக்கின தடம்தான் அவளுக்கு முதலில் பிடிக்காமல் போனது. மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் வாசல் வாசலாகப் போகின்றன, ஒரு காலடியைக் காணோம். பெருக்கினவள் எந்த வழியாகப் போனாள்? பின்னாலேயே நடந்து தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு போயிருப்பாள், எல்லாரும் அப்படித்தான் பெருக்குகிறார்கள், நீயும் அப்படித்தான் பெருக்குகிறாய், இதில் என்ன இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் மண்பானை, அதன்மேல் மூடி, பக்கத்தில் அகப்பை. அந்தக் காலத்து ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று காட்ட வைத்திருக்கிறார்கள். பானைக்குள் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் மூடியைத் தூக்கிப் பார்க்கக் கை வரவில்லை. உட்காருகிற பலகையை வாசலைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். ஆவுடையக்கா அப்படித்தான் போட்டுக்கொள்வாள், யார் வந்தாலும் தெரியணும் என்பாள். ஆவுடையக்கா நினைப்பு இப்போது எதற்கு? செத்து முப்பத்தாறு வருஷம். "ஏளா, வாரியா, எல்லாரும் முன்னால போயிட்டாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தபோது வடிவுக்குத் தோள் தூக்கிப் போட்டது. குற்றாலிங்கம்தான். அவள் புருஷன். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. கையில் தண்ணீர் பாட்டிலோடு தெருவில் நின்றுகொண்டிருந்தார். "வாரேன் அத்தான்" என்றாள்.

அத்தான். அக்கா புருஷனாக இருந்தபோதும் அதே சொல்தான், தன் புருஷனான பிறகும் அதே சொல்தான். கழுத்தில் தாலி ஏறினது, வாயில் ஒன்றும் மாறவில்லை. ஆவுடையக்கா வடிவைவிட ஏழு வயது மூத்தவள். பிரசவத்துக்குப் பிறகு உடம்புக்கு முடியவில்லை என்று வடிவைத் துணைக்கு அழைத்தாள், வந்தவள் ரெண்டு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். அக்கா போனதும் ரெண்டு வயதுக் குழந்தை உலகம்மாளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பதினேழு வயதுப் பெண்ணைத்தான் எட்டாம் மாதம் அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள். குழந்தைக்காக, என்றார்கள். உலகு இப்போது ஓசூரில் இருக்கிறாள், முப்பத்தெட்டு வயது. வடிவைத்தான் அம்மா என்பாள். சுவரில் இருக்கிற படத்தை யாரென்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், சின்னதில் "போட்டோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோவுக்குப் பூ வச்சாச்சா. போட்டோ என்னையப் பாக்கு. வடிவு வேறு பிள்ளை பெறவில்லை, வயிற்றில் வந்தது எதுவும் தங்கவில்லை. அதற்கும் அவள் எதையும் நினைத்துக்கொண்டதில்லை. தெரு முடிந்து கல்வேலி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம்தான் தோட்டம், இந்த மண்ணில் தானாக முளைக்கிற செடிகளை மட்டும் தேடி வைத்த தோட்டமாம். உள்ளே நுழைந்ததும் மலைக்காற்று நின்றுவிட்டது. ஈரமண் வாடை, நொச்சி வாடை, அதற்கடியில் இனிப்பாக அழுகுகிற ஏதோ ஒரு வாடை. ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு சின்னக் கல், கல்லில் பேர். நொச்சி. ஆவாரை. பிரண்டை. பேர் எழுதின கல்லை நட்டுவைத்தால் அடியில் யாரோ படுத்திருக்கிற நினைப்புதான் வருகிறது.

தோட்டத்தைக் கவனிக்கிற பெண்ணுக்கு ஜெபக்கனி என்று பேர். முப்பது வயதிருக்கும், செடிகளைப் பற்றிப் படித்தவள், முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாக இருந்தாள். சங்கத்து ஆட்கள் படிக்கிணற்றைப் பார்க்கப் போய்விட, வடிவு ஒருத்திதான் அவள் பின்னால் நடந்தாள், அத்தான் கொஞ்சம் பின்தங்கி வந்தார். ஒரு திருப்பத்தில் வடிவின் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். இழுக்கவில்லை, பிடித்தார்கள், அவ்வளவுதான், போகாதே என்கிற மாதிரி. "ஐயோ பாத்து ஆன்ட்டி" என்று ஜெபக்கனி குனிந்து விடுவித்தாள். கொடி. இலையின் நுனி சுருண்டு சேலை நூலைப் பற்றியிருந்தது. "இது இலையாலயே பிடிச்சு ஏறும். செங்காந்தள். நம்ம பக்கம் கார்த்திகைப் பூன்னு சொல்வோம்." வடிவு நிமிர்ந்து பார்த்தாள். பந்தல் முழுக்கப் பூத்திருந்தது. மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற இதழ்கள், பின்பக்கமாக வளைந்து, தலைகீழாகத் தொங்கவிட்ட பெண்களின் முடி மாதிரி... இல்லை, பூ மாதிரிதான், பூவைப் பூ என்று நினைத்தால் போதும். "பூ அழகு. கிழங்குதான் ஆகாது" என்றாள் ஜெபக்கனி, தினமும் சொல்லிச் சொல்லி மழுங்கின குரலில். "வள்ளிக்கிழங்குன்னு நெனச்சு அவிச்சுத் தின்னுருவாங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தியும் பேதியும் பிடிச்சுக்கிடும். காலரான்னே நெனப்பாங்க. அதுல பிழைச்சு வீட்டுக்கு வந்தாலும், ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு தலமுடி கொத்துக் கொத்தாக் கொட்டிரும்."

தலமுடி கொட்டிரும். ஜெபக்கனி அடுத்த செடிக்குப் போய்விட்டாள். அவள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. தலமுடி. வாந்தி ஓய்ந்து ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வடிவு, சீப்பக் கொண்டா, தல அரிக்கி என்றாள். வடிவு பின்னால் உட்கார்ந்து பின்னலை அவிழ்க்கப் பிடித்தாள். பிடித்தது கையோடு வந்தது. வலிக்கவில்லை போலிருக்கிறது, அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்ன, சிக்கா என்று மட்டும் கேட்டாள். ஆமாக்கா, சிக்கு. அந்த முடியை மடியில் மறைத்துக்கொண்டு மீதியைச் சீவுவதுபோல் வெறும் சீப்பைக் காற்றில் இழுத்தது இப்போதும் கையில் இருக்கிறது. பிறகு காய்ச்சல், வாயெல்லாம் புண், பன்னிரண்டாம் நாள் முடிந்துபோனது. காத்து கருப்பு என்றார்கள். ஆத்தங்கரைக்கு உச்சிப் பொழுதில் போனாளா என்று கேட்டார்கள். வாந்திபேதி கண்டவளுக்கு முடி ஏன் கொட்டியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வடிவும் கேட்கவில்லை. கிழங்கு. வாந்தி தொடங்கின அன்றைக்குக் கார்த்திகைச் சோமவாரம். அக்கா பகல் முழுக்கப் பட்டினி கிடந்து சாயங்காலம் அவித்த கிழங்கும் பாலும் மட்டும் எடுப்பாள். அவள் மட்டும்தான் தின்றாள். கிழங்கு. வடிவு தலையைத் திருப்பி அத்தானைத் தேடினாள். இருபதடி தள்ளி ஆவாரைக்கு முன்னால் குனிந்து கல்லைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறிக் கிடந்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் ஒரு எழுத்துப் படிக்க முடியாது. அவர் படிக்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு வாசலில் வாடகைக்கார் நின்றது, அக்காவைப் பின்சீட்டில் படுக்கவைத்தாகிவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அத்தான் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு தொழுவத்துக்குப் பின்னால் போனார். உலகுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவு போய் எட்டிப் பார்த்தாள். குழியை மூடிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். என்ன அத்தான்? செத்த எலி. நாறுது. அவ்வளவுதான். அவளும் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். பெண்டாட்டி உசுருக்குப் போராடுகிறாள், எலியைப் புதைக்க எவன் நிற்பான்? முப்பத்தாறு வருஷம் அந்த எலியை அவள் நம்பியிருக்கிறாள். நம்பினாளா? நினைத்தே பார்க்கவில்லை, அதற்கு நம்பினது என்று பேரா? வீட்டில் கிழங்கு என்று ஒன்று அதன் பிறகு நுழைந்ததே இல்லை. பொங்கப்பானைக்கு முன்னால்கூடக் கிழங்கு வைக்காத வீடு தென்காசியிலேயே இது ஒன்றுதான். வாயு, எனக்கு ஒத்துக்காது என்பார். அப்புறம் சாப்பாடு. எதைச் சமைத்தாலும் முதல் வாய் அவருக்கு. உலகுக்குச் சோறு பிசைந்தால்கூட, இரு, உப்புப் பாக்கேன் என்று ஒரு உருண்டை வாங்கித் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிள்ளைமேல் இருக்கிற பிரியத்தைப் பாரு என்று அண்டை வீட்டுக்காரிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். பிரியமா அது? விஷம் வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பயம் வரும். எட்டு மாதத்தில் தங்கச்சியைக் கேட்டு ஆள் அனுப்பினாரே. ரெண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தாளே, அவள் கோலம் போடும்போது, தலை துவட்டும்போது, அவர் கண் எங்கே இருந்தது? நினைவைத் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே பயமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாகப் பெருக்கி வைத்திருக்கிறாரா? இந்த மனுஷன் பக்கத்தில் பன்னிரண்டாயிரம் ராத்திரி தூங்கியிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார், குடித்திருக்கிறேன். காலில் யாரோ தண்ணீரை ஊற்றின மாதிரி ஜில்லென்று ஏறியது. தோட்டத்தில் ஒரு குருவிச் சத்தம் இல்லை.

"என்ன ஒரு மாதிரி நிக்க? மயக்கமா?" அவர் பக்கத்தில் வந்திருந்தார். எப்போது வந்தார்? கால் சத்தமே கேட்கவில்லை. பாட்டில் மூடியைத் திருகி நீட்டினார். "ரெண்டு மடக்குக் குடி." காலையில் இவள் கையால் நிரப்பின தண்ணீர்தான். நிரப்பினது இவள், வழியெல்லாம் வைத்திருந்தது அவர். "வேண்டாம்" என்றாள். "வெயில் ஏறுது, குடி." "வேண்டாம் அத்தான்." அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு பந்தலைப் பார்த்தார், உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். பாட்டிலை மூடாமலேயே பிடித்துக்கொண்டு நின்றார். தெரியும். இவருக்கு இந்தக் கொடியைத் தெரியும். காடுமேடெல்லாம் சங்கிலி பிடித்து அளந்த மனுஷனுக்கு வேலியில் படர்வது எதுவென்று தெரியாதா? ஓடினால் எங்கே ஓடுவது? சங்கத்து ஆட்களிடம் என்ன சொல்வது? இவர் என் அக்காவைக் கொன்றவர், இப்போதுதான் ஒரு பெண் சொன்னாள் என்றா? படிக்கிணற்றுப் பக்கமிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் வந்தது. அது கல்வீடுகளுக்குள்ளேயிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"ஆன்ட்டி, கிழங்கப் பாக்கீங்களா? நாத்துப் பையில ஒண்ணு இருக்கு." ஜெபக்கனி கறுப்புப் பையிலிருந்து மண்ணோடு ஒன்றை எடுத்து உதறினாள். விரல் தடிமனில் ரெண்டு கிளை, நடுவில் மடங்கி, கவட்டை மாதிரி. "கலப்பை மாதிரி இருக்கா? அதனாலதான் கலப்பைக் கிழங்குன்னும் ஒரு பேரு." வடிவு கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று தெரியாது, கைதான் நீண்டது. கிழங்கு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கைக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கனம். இந்த ரெண்டு கால். அரிவாள்மணையில் வைத்தால் நிற்காமல் உருண்டது. என்னடா இது, கால் வச்சிருக்கு என்று பதினேழு வயது வடிவு சிரித்துக்கொண்டே அதைத் தரையில் நிறுத்தி, உலகு, பாரு, ஆளு நடக்கு, ஆளு நடக்கு என்று பிள்ளைக்கு நடத்திக் காட்டினாள். பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. மத்தியானம் மழை விட்டிருந்தது. பின்வேலியில் வள்ளிக்கொடியும் இன்னொரு கொடியும் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடந்தன. மேலே ஆடு கடித்துப்போட்டிருந்தது, பூவும் இல்லை இலையும் இல்லை. எந்தக் கொடி எது என்று பார்க்கவில்லை. ஈரமண்ணில் கம்பியை விட்டுக் கிண்டினால் கிழங்கு வந்துகொண்டே இருந்தது. அக்காவுக்கு விரதத்துக்கு ஆச்சு என்று மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். அவள்தான் கழுவினாள். அவள்தான் தோலைச் சீவினாள். அவள்தான் அவித்தாள். அத்தான் அன்றைக்கு விடிகாலையிலேயே அளவைக்குப் போனவர், விளக்கு வைத்த பிறகுதான் வந்தார்.

லேசாக் கசக்குதேட்டி, என்றாள் அக்கா. பலகையில் வாசலைப் பார்க்க உட்கார்ந்து, ஒரு துண்டைக் கடித்துவிட்டு. வடிவு என்ன சொன்னாள்? வடிவு என்ன சொன்னாள்? கருப்பட்டியத் தொட்டுக்கிட்டுத் தின்னுக்கா, பகலெல்லாம் பட்டினி, வாய் கசப்பு. உள்ளே போய்க் கருப்பட்டியைத் தட்டிக் கொண்டுவந்து வைத்ததும் அவள்தான். உலகு ஒரு துண்டுக்குக் கையை நீட்டினது. அக்கா பொய்க்கோபமாக அந்தக் கையைத் தட்டிவிட்டாள், விரதச் சாப்பாடு, நீ தொடப்பிடாது. இத்தனையும் இருந்திருக்கிறது. எங்கே இருந்தது இத்தனை நாளும்? அவள் மறந்தாளா, மறக்கவே இல்லையா? கருப்பட்டி நினைப்பு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அக்கா கடைசியாக ஆசைப்பட்டுத் தின்றது கருப்பட்டி என்று திவசத்துக்குக்கூட வைத்திருக்கிறாள். அதற்கு ஒரு முழம் தள்ளித் தட்டில் என்ன இருந்தது என்று மட்டும் ஒரு தடவையும் பார்த்ததில்லை. "கைய நல்லாக் கழுவிருங்க ஆன்ட்டி, அங்க குழாய் இருக்கு" என்று சொல்லிக் கிழங்கை வாங்கிக்கொண்டு ஜெபக்கனி போனாள். வடிவு குழாய்க்குப் போனாள். கழுவினாள். திரும்பவும் கழுவினாள். அவர் வந்து பக்கத்தில் நின்றார், குழாயை அவரே மூடினார்.

"அன்னைக்குத் தொழுவுக்குப் பின்னால என்ன பொதச்சீங்க?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"கிழங்குத் தோலு. அவிக்காம ரெண்டு கிடந்துச்சு, அதையும்."

"எலின்னீங்க."

"ஆமா."

"ஏன்?"

"ஒனக்குப் பதினேழு வயசு" என்றார். "வந்ததும் அடுப்படியில பாத்தேன். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. டாக்டர்ட்ட மட்டும் தனியாச் சொன்னேன். இதுக்கு முறிவு கெடையாது, தாங்குனா தாங்குறதுதான்னுட்டாரு. வெளிய தெரிஞ்சா ஊரு ஒன்னய என்ன சொல்லும்? அக்காளுக்கு வச்சுட்டு அத்தான் வீட்டுல இருக்கான்னு சொல்லும்."

வடிவுக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. அங்கே உட்கார ஒன்றும் இல்லை.

"அக்காவுக்கு?"

"அவளுக்கும் தெரியும். முடி கொட்டுன அன்னைக்கு அவளே கேட்டா. அது வள்ளியில்லதானன்னு. நான் ஒண்ணும் சொல்லல. வடிவுகிட்ட சொல்லிராதீங்க, பயந்துருவான்னா. பிள்ளைய அவகிட்டயே குடுங்க, வேற யார்ட்டயும் விடாதீங்கன்னா."

சிக்கா என்று கேட்டாளே. ஆமாக்கா, சிக்கு என்று இவள் சொன்னபோது அக்கா திரும்பிப் பார்க்காமல் இருந்தாளே.

"ஒனக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சிருந்தேன்" என்றார் அவர். "தெரிஞ்சுக்கிட்டுத்தான் எங்கூட இருக்க, வாய்விட்டுச் சொல்ல முடியல, நாம கேட்கப்பிடாதுன்னு. இன்னைக்கு அந்தப் பிள்ள சொல்லும்போது ஒன் மொகத்தப் பாத்தேன். அப்பத்தான் ஒனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுது."

"சோத்த முதல்ல தின்னு பாப்பீங்களே."

அவர் பாட்டில் மூடியைத் திருகி மூடினார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும், அவள் கைக்குப் பயந்து முதல் வாய் வாங்கித் தின்று, பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று காத்து உட்கார்ந்திருக்கிறார். பயந்துகொண்டே தின்றிருக்கிறார். ஒரு நாள்கூடத் தட்டைத் தள்ளவில்லை. சற்றுமுன் அவர் கையிலிருந்து ரெண்டு மடக்குத் தண்ணீர் குடிக்க அவளால் முடியவில்லை. தோட்டம் அப்படியே இருந்தது, பூக்கள் அப்படியே மேல்நோக்கி வளைந்திருந்தன. பயம் போகவில்லை. இத்தனை நேரம் அவர்மேல் இருந்த பயம் இப்போது இடம் மாறி, அவள் விரல்களில் வந்து உட்கார்ந்திருந்தது. தன் ரெண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சேலையில் துடைத்தாள், துடைத்த சேலையை என்ன செய்வது. இந்தக் கையால்தான் உலகுக்குத் தலை பின்னினாள், பால்சோறு ஊட்டினாள், அம்மா என்று கூப்பிடப் பழக்கினாள். அந்தப் பிள்ளையிடம் இதற்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. தெரியாமல் ஒரு பேரை எடுத்துக்கொண்டது வேறு. இனிமேல் தெரிந்துகொண்டே, அம்மா என்று கூப்பிட்டால் ஏன் என்று குரல் கொடுக்க வேண்டும்.

"போனத் தாங்க அத்தான்."

"யாருக்கு?"

"உலகுக்கு."

"வேண்டாம் வடிவு" என்றார். "இத்தன வருசம் கழிச்சு அவளுக்கு இது எதுக்கு? ரெண்டு பேரும் போற வரைக்கும் இப்படியே போகட்டும்."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அந்தக் கையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார், உலகு நம்பரைத் தேடி அவரே அழுத்தி அவளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு நகர்ந்து போகவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். "என்னம்மா, ஊரு நல்லாருக்கா? பூவெல்லாம் போட்டோ எடுத்தீங்களா?" பின்னால் ஏதோ மெஷின் சத்தம்.

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசு உலகு. ஒங்க அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

மெஷின் சத்தம் தேய்ந்து, ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "என்னம்மா புதுசாப் பேசுத? நீதான எங்கம்மா" என்றாள் உலகு, சிரித்துக்கொண்டேதான்.

வடிவு "அன்னைக்குச் சோமவாரம்" என்று ஆரம்பித்தாள்.